பதினோராம் எண் பாட்டில்

6-3-1961, திங்கள்

இன்று வகுப்பிலிருந்து நான்கு முறை ஓடினேன். நான்காவது முறை கணக்குப் பாடத்தின் நடுவில். திரும்பி வந்தால் தலைமையாசிரியர் என் வகுப்பு வாசலில் நிற்கிறார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கேட்கும்படி, "பிரிஜட் டீச்சர், நீங்க பாடம் நடத்த வர்றீங்களா, கக்கூசுக்குப் போக வர்றீங்களா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இப்போது எரிகிறது. நான் ஏன் சிரித்தேன்?

வீட்டிலும் இதே கதை. ஐந்து குடும்பத்துக்கு ஒரு வாளிக் கக்கூஸ். உள்ளே போன மறுநிமிஷம் கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே ஒருத்தி ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தட்டுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வருஷமாக டாக்டர்கள் சொல்வது சீதபேதி, சீதபேதி. அதற்கு எமட்டின் ஊசி மூன்று சுற்று. நெஞ்சு படபடப்பு வந்ததுதான் மிச்சம்.

9-3

எட்டு முறை. எட்டிலும் ரத்தம்.

15-3, புதன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் லாசரஸ் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். துறைமுக ஸ்டோரில் அவருக்கு லீவு கிடைப்பதே பெரிய பாடு.

புது டாக்டர், பெயர் சேதுபதி. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர், ஆனால் தமிழில் பேசினார். குழாய் விட்டுப் பார்த்தார். அதை எழுத மாட்டேன். "இது சீதபேதி இல்லைம்மா. கிருமியே கிடையாது. பெருங்குடலோட உள்பக்கம் முழுக்கப் புண்ணாகி வீங்கிக் கிடக்கு" என்றார்.

"அப்ப ரெண்டு வருஷமா ஊசி போட்டது எதுக்கு?"

பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் இங்கிலீஷில் சொன்னார்: "அந்த நோய் எங்கள் வெள்ளைக்கார ஜனங்களுக்கு வருவது. இவர்களுக்கு வருவது அழுக்குத் தண்ணீரால் வரும் சீதபேதி." எனக்குப் புரியாது என்று நினைப்பு. கான்வென்டில் படித்தவள் நான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கிறவள். எங்கள் ஜனங்களாம்!

சேதுபதி விடவில்லை. இதே நோயோடு இருபது பேரைக் கண்டுபிடித்திருக்கிறாராம். என்னிடம் ஒரு பாட்டில் கொடுத்தார். மருந்தின் பெயர் இல்லை, 11 என்று எண் மட்டும். "புது மருந்து. எட்டு வாரம் சாப்பிட்டுப் பாப்போம்." ஒரு நோட்டும் தந்தார்: எத்தனை முறை, ரத்தம் உண்டா, வலி உண்டா. வாராவாரம் புதன்கிழமை காட்ட வேண்டும்.

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் நான் சொன்னதை நம்பினார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

22-3

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண், ரபியா. இருபத்தைந்து வயது இருக்கும். புருஷனுக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை. அவளுக்கும் இதே நோய், இதே மாதிரி பாட்டில். அவள் எண் 6. "யாருக்கிட்டயும் சொல்ல முடியல அக்கா" என்றாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் வெட்கமில்லாமல் கக்கூஸ் பேச்சுப் பேசினோம். சுகமாக இருந்தது.

2-4, ஈஸ்டர்

ஓபிர் ரோடு கோயிலில் பூசை முடியும்வரை உட்கார முடியவில்லை. புது மருந்து சாப்பிட்டும் ஏன் கேட்கவில்லை? ரபியாவுக்கு நன்றாகக் கேட்கிறதாம். நான்தான் சரியாகச் சாப்பிடவில்லையோ? மிளகாயை விட்டேன், பாலை விட்டேன். என்ன பாவம் செய்தேன் ஆண்டவரே?

12-4, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ரபியா கன்னம் உப்பி, பூவெல்லாம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். காதோடு கேட்டாள்: "அக்கா, இந்த மாத்திரை தின்னதுலேர்ந்து ஒண்ணுக்கு ஆரஞ்சு ஸ்குவாஷ் மாதிரி போகுது. டாக்டர்கிட்டக் கேக்க வெக்கமா இருக்கு. உங்களுக்கும் அப்படித்தானே?"

இல்லையே. எனக்கு ஒரு நாளும் இல்லையே.

நாலு வாரம். ஒரே நிற மாத்திரை, ஒரே அளவு. அவளுக்கு மட்டும் எப்படி? என் பாட்டிலில் இருப்பது அவள் மருந்தே இல்லை என்று புரிந்தது. முறைக்குக் காத்திருக்கவில்லை, நேரே உள்ளே போனேன்.

"என் பாட்டில்ல என்ன இருக்கு?"

சேதுபதி எழுந்து நின்றார். "எனக்கே தெரியாதும்மா. எந்த எண்ணுக்கு எதுன்னு மருந்தகத்துல ஒரு தாள்ல எழுதி, மடிச்சு ஒட்டி வச்சிருக்கு."

"எதுன்னா? எத்தனை தினுசு இருக்கு?"

"ரெண்டு. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு… வெறும் மாவு."

மாவு!

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதென்று நிரூபிக்க முடியுமாம். நிரூபித்தால்தான் பேராசிரியர் இந்த நோயையே ஒத்துக்கொள்வார், அரசாங்கம் எல்லாருக்கும் மருந்து வரவழைக்கும். எல்லாம் சரி. எல்லாம் நியாயம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சேர்ந்திருக்க மாட்டீங்க."

"அதை நான்ல சொல்லணும்! ரத்தம் என்னுது!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தாளைப் பிரிக்கப் பேராசிரியரின் அனுமதி வேண்டுமாம். அவர் கோலாலம்பூர் போயிருக்கிறாராம். திங்கட்கிழமை வரை பொறுக்கச் சேதுபதி சொன்னார். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் லாசரஸ், "டாக்டர்கிட்டப் போய்க் கத்தலாமா? நாளைக்கு வைத்தியமே பாக்க மாட்டேன்னுட்டா?" என்கிறார். இவர் மேலும் ஆத்திரம். எல்லார் மேலும்.

13-4

ரபியா வீடு தேடி வந்தாள். முந்தானையில் முடிந்து அவள் மாத்திரையில் பாதி கொண்டுவந்திருக்கிறாள். "இந்தாங்கக்கா. நீங்களும் தின்னுங்க." வாங்கவில்லை. குறைத்துச் சாப்பிட்டால் அவளுக்குத் திரும்ப வந்துவிடும். அவளைத் திட்டி அனுப்பினேன். அவள் என்ன பாவம் பண்ணினாள், அவளைப் போய்த் திட்டினேனே.

21-4, வெள்ளி, வார்டு

பென்சில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கூசில் விழுந்துவிட்டேன். லாசரஸ் கதவை உடைத்தாராம். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். சேதுபதி அனுமதிக்குக் காத்திராமல் அன்றைக்கே தாளைப் பிரித்துவிட்டாராம். கட்டிலருகே நின்று, "உங்களுது மாவுதான்" என்றார். பிறகு, "மன்னிச்சிருங்கம்மா."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மன்னிக்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு மாதம் மாவைத் தின்றுவிட்டு, என் பாவத்தால்தான் கேட்கவில்லை என்று ஈஸ்டர் அன்று அழுதேனே, அதற்காக மன்னிக்க மாட்டேன்.

28-4

புண்ணும் வீக்கமும் வற்றக் கார்ட்டிசோன் மருந்து கொடுக்கிறார்கள். அதில் முகம் ஊதிப் பூசணிக்காய். ஆனால் நேற்று மூன்றே முறை.

லாசரஸ் ஆரஞ்சு உரித்தபடி, தலை நிமிராமல் சொன்னார்: "நீ சத்தம் போட்டது சரிதான். நான்தான் பயந்துட்டேன்."

14-6

இப்போது நிஜ மாத்திரை. இன்று காலை எனக்கும் ஒண்ணுக்கு ஆரஞ்சு ஸ்குவாஷ் மாதிரி போனது. இதற்காக ஒரு பொம்பளை அழுவாளா? அழுதேன்.

20-9, புதன்

சேதுபதி பத்திரிகைக்கு அனுப்பப்போகும் கட்டுரையைக் காட்டினார். மருந்து சாப்பிட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறிவிட்டார்கள். மாவு சாப்பிட்டவர்களில் இரண்டே பேர். பேராசிரியரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டேன், பட்டியலைப் பார்க்கும்வரை.

பதினோராம் எண்: ஆய்விலிருந்து விலகினார்.

"நான் விலகல டாக்டர். விழுந்தேன்."

"அது வழக்கமா எழுதற வார்த்தைம்மா…"

"வழக்கம் யாருக்கு? ஏதோ பஸ்ஸுலேர்ந்து இறங்கிப்போன மாதிரியில்ல இருக்கு! நாலு வாரம் மாவு குடுத்தோம், ரத்தப்போக்கு அதிகமாகி உயிருக்கு ஆபத்து வந்துச்சு. அப்படி எழுதுங்க. எழுதலைன்னா என் நோட்டைத் திருப்பிக் குடுங்க. அதுல இருக்கறது என் எழுத்து."

சேதுபதி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினார். ஒரு வார்த்தை பிசகினாலும் திருத்தினேன்.

கிளம்பும்போது, வேறொரு புது மருந்துக்கு அடுத்த ஆய்வு தை மாசத்தில் தொடங்கும் என்றார். "இந்தத் தடவை முன்னாடியே சொல்லிடணும். தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

கோபம் போகவில்லை. சரி என்றேன்.

7-2-1962, புதன்

பள்ளியில் மத்தியானம் லீவு கேட்டேன். தலைமையாசிரியர் காரணம் கேட்டார். "ஆஸ்பத்திரியில பாடம் நடத்தப் போறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

முதல் ஆள் பூவம்மா, நகராட்சியில் தெருக் கூட்டுகிறவர். படிக்கத் தெரியாது. எழுதியதை வாசித்துக் காட்டினேன்: இதில் சேர்ந்தால் பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. உங்களுக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். சேர மாட்டேன் என்றாலும் வைத்தியம் உண்டு.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப வேணாம்மா" என்றார்.

நான் சேதுபதியைப் பார்த்தேன். அவருக்கு முகம் வாடித்தான் போனது. இந்த முறை முப்பது பேர் வேண்டும் அவருக்கு. சீட்டை இழுத்து, நான் சாப்பிடும் அதே பழைய மாத்திரையை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பூவம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மருந்து வரிசையில் போய் நின்றார்.

அடுத்தவரை உள்ளே கூப்பிட்டேன்.