உங்களுக்காக நான் எடுத்த வசனம்

அக்கா,

இன்று வேலையிடத்தில் குளோரின் போத்தலைத் திறந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் அம்மருட்டில் உங்கள் மாடிவீட்டுப் படிக்கட்டு கண்ணுக்கு முன் வந்து நின்றது. உங்கள் புருசன் கறிக்கத்தியோடு உங்களைப் படி படியாகத் துரத்தி வெட்டிய இடம். கழுவ ஆள் வருமென்று போலீஸ் சொன்னது. நான் விடவில்லை. உங்கள் இரத்தத்தை மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வாசல் வரை குளோரின் ஊற்றி நானே தேய்த்துக் கழுவினேன்.

நேற்று பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சிறையில் அவன் இரட்சிக்கப்பட்டானாம். ஞானஸ்நானம் கேட்கிறானாம்.

"உலகம் உண்டாக முந்தியே தேவன் அவனைத் தெரிஞ்செடுத்திட்டார், பிள்ளை. நாங்கள் ஆர் கேக்க?"

"அப்ப கத்தியை ஆர் எடுத்தது, பாஸ்டர்?"

"அது அவன்ரை சித்தம்."

"நல்லதெண்டால் அவர், வெட்டினால் நாங்களோ?"

தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்தேன். அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். அவன் உங்கள் பல்லை உடைத்த அந்த மார்கழியில்கூடச் சிரித்தீர்களே. திராமன் நகரில் இருக்கும் உங்கள் கூடப்பிறந்த தங்கையிடம் போகிறேன் என்றீர்கள். "கர்த்தர் கால் தந்தது முழங்காலிலை நிக்க மட்டுமில்லையடி."

ஆனாலும் கர்த்தரைக் கேட்காமல் போக உங்களுக்கு மனம் வரவில்லை. புதுவருட ஆராதனையில் ஆளாளுக்குக் கூடைக்குள் கைவிட்டு, அந்த வருடத்துக்கான வசன அட்டையை எடுப்போம் அல்லவா? வீங்கின முகத்தோடு வரமாட்டேன் என்றீர்கள். "எனக்கும் நீயே எடு. என்ன வருதோ அதின்படி செய்யிறன்."

எடுத்தேன். எழும்பிப் போ என்று வந்தது.

நீங்கள் போனால் எனக்கு இந்த ஒஸ்லோவில் யார்? அதைத் திரும்பப் போட்டேன். கிண்டிக் கிண்டி, பொறுத்திரு என்றிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து தந்தேன். நீங்கள் அதை முத்தமிட்டீர்கள். பெட்டியில் அடுக்கிய உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தீர்கள். தை முடிய முன்னம் அவன் வெட்டினான்.

இது பாஸ்டருக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

அவன் தண்ணீரில் முங்கி எழும்பட்டும். மன்னிப்புக் கேட்டான், கிடைத்ததாம். நான் இன்னும் கேட்கவில்லை. என் கையைத் தேவன்தான் நடத்தினார் என்றால் தப்பிவிடலாம். அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் கைதான், அக்கா.

ஞாயிற்றுக்கிழமை இராப்போசன அப்பம் வரும்போது, ஒரு துண்டும் எடுக்காமல் தட்டை அப்படியே பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு இருக்கிறேன்.