சாம்பியன் போட்ட சிவப்புக் கோடு

ஜூன் 3

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். காலையில் தேநீர் ஆறுவதற்குள் சொன்னேன் - இன்றைக்கு மாப்பிள்ளை தண்ணீரில் விழுவார், தேர்வும் ஊத்திக்கொள்ளும் என்று. “வாயைக் கழுவுண்ணே” என்றாள் தங்கை. அப்படியே நடந்தது. என் வாக்குக்கு இந்தக் குடும்பத்தில் மரியாதை இல்லை.

மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், கம்பெனியை மூடியதில் ஐம்பது வயதில் வேலையிழந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஏரி கிளப்பில் பாய்மரப் பலகை, அதாவது பாய் நட்ட பலகைமேல் நின்று காற்றில் ஓடுவது, கற்றுத்தரும் வேலை ஒன்று இருக்கிறது, தேர்வுக்கு வாருங்கள் என்று இழுத்துவந்தவன் நான்தான். கிளப்பில் சாமான் கொட்டகை என் ஆட்சி. இன்று காற்று பேயாக அடித்தது. பலகை மூக்கைத் தூக்கி முரட்டுக் குதிரை மாதிரி நின்றது. மாப்பிள்ளை மல்லாக்க விழுந்தார். தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனால் வேலை வேறு ஆளுக்கு.

ஜூன் 4

கொட்டகைக்குள் நுழைந்தாலே குமட்டுகிறது. பலகையை வாடகைக்கு எடுக்கிறவர்கள் ரப்பர் உடுப்புக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கொண்டுவந்து மாட்டுகிறார்கள். காரில் வருகிறவர்கள். இங்கிலீஷில் நன்றி வேறு. இன்று ஒரு உடுப்பின் கைக்குள் பாதி தின்ற வாழைப்பழம். சீ.

ஜூன் 7

மாப்பிள்ளை புத்தகம் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

“காத்து பலமா இருந்தா பாய்மரத்தோட அடியை முன்னால தள்ளணுமாம் மச்சான். அப்பதான் மூக்கு அமுங்குமாம். காத்து கம்மியா, தண்ணி அசையாம இருந்தா பின்னால இழுத்துக்கலாமாம். நம்ம பலகையில ரொம்பப் பின்னால இருக்கு.”

பலகையின் நடுவில் நீளமாக ஒரு காடி, பள்ளமான தடம், உண்டு. அதில்தான் பாய்மரத்தின் அடி ஒரு போல்ட்டால் முடுக்கியிருக்கும். மாப்பிள்ளை உடம்பைத் தாங்குகிற பெரிய பலகை கிளப்பில் ஒன்றே ஒன்று. அதில் போல்ட் நிற்கிற இடத்தில் சிவப்புக் கோடு. வெளிநாட்டு சாம்பியன் ஒருவர் வந்து, மண்டியிட்டு டேப் வைத்து அளந்து, ‘எந்தக் காற்றுக்கும் இதுதான் இடம், அசைக்காதே’ என்று என் கையால் போடவைத்த கோடு. அதைச் சொன்னேன்.

“போன தடவை சாண் வச்சு அளந்தார்னீங்க. இப்ப டேப்புங்கறீங்க.”

“ரெண்டாலயும் அளந்தாரு. சாம்பியன்னா சும்மாவா?”

எட்டாவதோடு நிறுத்தியவனிடம் புத்தகத்தை நீட்டுகிறார். அந்தப் புத்தகம் என்றைக்காவது தண்ணீரில் நனைந்திருக்குமா?

ஜூன் 8

ஏரியில் மீன் செத்து மிதக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 12

தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இஸ்திரி மேசை மேல் நின்று, துடைப்பத்தைப் பாய்மரமாகப் பிடித்துச் சாய்ந்துகொண்டிருந்தார். சிரித்தேன். தங்கை என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

“சிரிக்காதண்ணே. வேலை போனப்புறம் மனுஷன் இப்பதான் காலையில எழுந்து ஷேவ் பண்றாரு. இதுவும் போச்சுன்னா...”

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்ய? நானா காற்றை அடிக்கச் சொன்னேன்? - எனக்கென்னவோ அந்த வீட்டுக் காபியே பிடிக்கவில்லை.

ஜூன் 15

சும்மா, ஒரு எண்ணெய் விடலாமே என்று ஸ்பேனரை எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

அந்தக் காடிக்குள் என்ன இருந்தது என்பதை எழுதவே கை கூசுகிறது. முடிக் கற்றை, மணல், கண்டவன் பூசிய களிம்பு, பச்சை வழவழப்பு, அடியில் அழுகிய நத்தை ஒன்று. வெளியே போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தேன். போல்ட் அசையவில்லை. வெந்நீர், வினிகர், சுத்தியல், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை எல்லாம் ஊற்றினேன். உள்ளங்கை உரிந்தது.

சாயங்காலம் ‘கிறீச்’ என்றது. என்னைத் தவிர வேறு எவனாலும் முடிந்திருக்காது.

ஜூன் 16

மாப்பிள்ளையிடம் சொன்னேன்: “நேத்து சாம்பியன் போன் பண்ணினாரு. உங்க எடைக்கு, பலத்த காத்துல, கோட்டுக்கு நாலு விரல் முன்னால வைக்கலாம்னாரு.”

அவர் காடியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“போன் எடுத்ததுலயா மச்சான் கை இப்படி உரிஞ்சுது?”

“கனமான போன்” என்றேன்.

ஜூன் 29

மறுபடியும் பேய்க்காற்று. பலகை மூக்கைத் தூக்கவில்லை. போனார், திரும்பினார், நின்றபடியே கரைக்கு வந்தார். தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். தங்கை அழுது என் சட்டையில் மூக்கைச் சிந்தினாள். சலவைச் சட்டை. இந்தக் குடும்பத்துக்குச் சுத்தம் என்பதே கிடையாது.

ஜூலை 20

இன்று மாப்பிள்ளையின் வகுப்பு. கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண் அந்தக் கோடு எதற்கு என்று கேட்டாள்.

“காத்து கம்மியா இருந்தா அந்தக் கோடு. அது ஒரு சாம்பியன் போட்டது” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. “சாணாலயும் அளந்தாரு, டேப்பாலயும் அளந்தாரு. எங்க மச்சான் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு.”

அழுதார் என்று நான் சொன்னதே இல்லை. அடுத்தவன் கதையில் கைவைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு.

சாம்பியன் என்று யாரும் வரவில்லை. முன்பு ஒரு தடவை போல்ட் அந்த இடத்தில் இறுகிவிட்டது, என்னால் கழற்ற முடியவில்லை. கதவுக்கு அடித்ததில் கொஞ்சம் சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருந்தது.