தெருமுனையில் நிற்கும் உன் அப்பா

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா? இந்தத் தடவையும் லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதும் அப்பா உன் அறைக்கென்று வாங்கி மாட்டிய ஜன்னல் திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். சரி, அது கிடக்கட்டும், இங்கே நடந்த கூத்தைக் கேள்.

நம் மாடியில் குடியிருந்து போன வருஷம் காலமானாரே பாடகர், அவர் விடியற்காலையில் தொண்டையைத் திறந்தால் உன் அப்பா துடைப்பக்கட்டையால் சீலிங்கை இடிப்பாரே, அவரேதான். இருந்தவரை கச்சேரிக்குக் கூப்பிட நாதியில்லை, போனதும் தேசத்தின் சொத்தாகிவிட்டார். தபால்தலை, தெருவுக்கு அவர் பெயர், தெருமுனையில் சிலை. சிற்பிக்கு ஒழுங்கான ஃபோட்டோ ஒன்றுகூட அகப்படவில்லை, எல்லாவற்றிலும் மைக் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. பாடகர் விட்டுப்போன கோட்டு அப்பாவுக்குக் கச்சிதமாக இருக்கவே, சும்மா உடம்புவாகுக்கு நில்லுங்க சார், மூஞ்சிய அப்புறம் மாத்திக்கறேன் என்று சிற்பி இவரை நிறுத்திவைத்தார். இவரும் மார்பில் கை வைத்து ஜம்மென்று நின்றார். அதற்குள் மந்திரி திறப்பு விழாவை முன்னுக்குத் தள்ளிவிட்டார், முகத்தை மாற்ற நேரமில்லை. துணியை விலக்கினால் அச்சு அசல் உன் அப்பா!

மந்திரி மாலையைப் போட்டுவிட்டு, அந்தக் கண்ணுல சங்கீதம் வழியுது பாருங்க என்கிறார். அது சாப்பிட்டதும் வருகிற தூக்கமடி! பாடகரின் மனைவியிடம் காதோடு கேட்டால், அவர் இருந்தப்ப இவ்வளவு லட்சணமா இல்லீங்க, இப்படியே இருந்துட்டுப் போகட்டும் என்றுவிட்டார். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, காய்கறிக் கடையிலும் மார்பில் கைதான்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் பாடகரின் நினைவு நாள், மறுபடி மாலை போடுவார்கள். உயிரோடு இருக்கிற மனுஷர் முகத்துக்கு அந்த மாலை விழுவதை நான் தனியாக நின்று பார்க்க மாட்டேன். சிலையைப் பார்க்க ஊரே வரும், இவரைப் பார்க்க நீ வா. இதைச் சொன்னதும் உன் அப்பா, லீவு தரலேன்னா அப்பாவுக்கு நினைவு நாள்னு எழுதிக் குடுக்கச் சொல்லு, சாட்சிக்கு சிலை ஃபோட்டோ அனுப்பலாம் என்று சிரிக்கிறார். வாயைக் கழுவுங்கள் என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போய்த் திரையைத் திரும்ப மாட்டிவிட்டார்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வரும்போது முழங்காலுக்குத் தைலம் வாங்கி வா, மறக்காதே. சிலைக்கு வலிக்காது, இவருக்கு வலிக்கிறது.

இப்படிக்கு,
சிலையின் பெண்டாட்டியான உன் அம்மா