கம்பம் ஏறினவனை யார் ஏலம் கேட்டார்கள்?

என் ஆசை மாப்பிள்ளை செல்வராசு,

ஊருக்கு முன்னால் ‘வாங்க மாப்ள’, தனியாக இருந்தால் ‘வாடா’. தங்கச்சி வளர்மதியை உனக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் நம் பள்ளிக்கூடத்துப் பழக்கம் போகவில்லை. நீ போய் ஏழு மாசம் ஆச்சு. இப்பவும் அப்படியேதான் எழுதுகிறேன்.

செந்துறையில் இந்த வாரம் ஒரே பேச்சு, கிரிக்கெட் ஏலம். “சின்னப் பயலுக்கு எத்தனை கோடிண்ணே!” என்று டீக்கடையில் ஒருத்தன் குதிக்கிறான், தன் வீட்டுக்கே பணம் வந்த மாதிரி. அவன் வீட்டு ஓட்டை மாற்ற வழியில்லை.

விலை எப்படி ஏறும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சைக்கிளில் மூட்டை கட்டி ஆரம்பித்து முந்திரி மண்டி வைத்தவன் நான். நாலு பேர் போட்டிக்கு நின்றால் சொத்தைக் கொட்டையும் விலை போகும். விளையாடுகிற பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் விரலில் பந்து பட்டால் டாக்டர் ஓடி வருகிறார். கிளவுஸ், பேடு, ஹெல்மெட் எல்லாம் இருந்தும்! முப்பதடி கரண்ட் கம்பத்தில் ஏறின உனக்கு இடுப்பில் கட்ட ஒரு பெல்ட் கொடுத்தார்களா? ரப்பர் கையுறைகூட நீயே திருச்சியில் வாங்கினதுதானே?

அந்த ஞாயிறு சாயங்காலம் மழையில் நீ வழுக்கி விழுந்து கிடக்கிறாய். பக்கத்தில் நின்ற ஒருத்தர் கேட்கிறார், “அப்ப இன்னிக்கு கரண்ட் வராதா?” அறையக் கை ஓங்கினேன். ஓங்கின கை தானாக இறங்கிவிட்டது.

வளர்மதிக்கு நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்கிறோம். உன்னைத் தினக்கூலிக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் என்ன சொல்கிறான் தெரியுமா? “அன்னிக்கு அவருக்கு லீவு. புகார் நோட்டுல ஒண்ணுமில்ல. யாரும் கூப்பிடல, அவரா ஏறுனாரு.” நோட்டில் எப்படி இருக்கும்? கரண்ட் போனால் இந்த ஊரில் எவன் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறான்? உன் செல்லுக்குத்தானே அடிப்போம்? ‘எதுன்னாலும் செல்வராசுக்கு அடிங்க, வந்துருவான்’ என்று எனக்கு நம்பர் கொடுத்ததே அந்தக் காண்ட்ராக்டர்தான்.

“யாருண்ணே அவரைக் கூப்பிட்டிருப்பா?” என்று வளர்மதி கேட்கிறாள். ‘தெரியலம்மா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான்தானே மாப்ள கூப்பிட்டேன்.

“அஞ்சு ஓவர்தான்டா இருக்கு. மண்டி டிவி முன்னாடி நிறைய ஆளு.”

“மழை விடட்டும் மச்சான்.”

“நீ ஏறுறதுக்குள்ள ஜெயிச்சுட்டு வூட்டுக்கே போயிருவானுங்க.”

“முந்திரிக்கொட்டை வித்து வித்து நீயும் அப்படியே ஆயிட்ட” என்று சிரித்துவிட்டு வந்தாய்.

கோடி கொடுக்கிறவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவன் பணத்தைக் கொடுத்து ஆளை எடுக்கிறான். நான் சும்மாவே உன்னை ஏற்றினேன்.

திங்கட்கிழமை அரியலூரில் விசாரணை. இன்றைக்கே வளர்மதியிடம் சொல்லிவிடுகிறேன். அவள் இனி என் வீட்டு வாசல் மிதிக்காமல் போனாலும் சரி. விசாரணையில் எல்லார் முன்னாலும் செல்போனை எடுத்து வைத்து, ‘அவரா ஏறல சார், மேட்ச் பாக்கணும்னு நான் கூப்பிட்டேன், நம்பர் கொடுத்தது இவரு’ என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். ஊர் காறித் துப்பட்டும். உன்மேல் ஆணை.

உன்னை அவசரப்படுத்தின மச்சான்,
வளர்மதியின் அண்ணன்