கொடைச் சேலையும் இருபது நோட்டும்

மாரிசெல்வி அப்பாவுக்கு,

“எம்மா, நீ மட்டும் ஏன் கைநாட்டு வைக்குத?” என்று நம் பிள்ளை மூன்றாம் வகுப்பில் கேட்டாளே, அதற்குப் பிறகுதான் நான் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கல்லூரியில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். இன்று அங்கே புதிதாகப் பெண்கள் வருகிறார்கள்.

கோபப்படாதீர்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நீங்கள் ஆசையாக எடுத்துத் தந்த சேலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் வகுப்புக்கு இருபது நோட்டும் பென்சிலும் வாங்கிவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. கொடைக்குப் பழைய சேலையில் வந்தால் உங்களுக்குத் தலைகுனிவோ என்பதுதான் என் கவலை.

“உபயம்னு பேரு போடாம எவன்ட்டி குடுப்பான்?” என்று போன வாரம், பேர் போடாமல் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டதற்குச் சத்தம் போட்டீர்கள். நோட்டில் நான் பேர் போடவில்லை. அம்மன் கோபிக்க மாட்டாள், நீங்கள்தான் எப்படியோ.

கம்பங்கூழ் கரைத்திருக்கிறேன். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுங்கள்.

ஆவுடைத்தாய்

இன்னும் ஒன்று. முதல் நாள் வெறுங்கையோடு போன நான், கூச்சத்தில் வாசலிலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட இருந்தேன். உள்ளே பெஞ்சில் எனக்கென்று யாரோ ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அதனால்தான் முதல் பஸ்ஸில் போகிறேன். ஆள் வருவதற்குள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நோட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.