நகராத தகரம்

ஐயா,

நேற்றைய மழையில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய எண்ணெய்த் தகரம் நனைந்து, வீடெல்லாம் துரு வாடை. தூக்கி எறியப் போனேன். போன இடத்தில் உங்களை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உங்களை நினைவூட்ட இப்படி ஒரு வாசனை வாய்த்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அரூரில் உங்கள் வீட்டின் பின்பகுதிக்கு நானும் என் மனைவி கமலாவும் குடிவந்தபோது அறுபதுகள் முடியப்போகிற சமயம். உங்களுக்குப் புளி மண்டி. எனக்கு உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் வேலை. கமலா உங்களிடம் கேட்டது ஒன்றுதான். பின்வாசலில் பாவியிருந்த கற்களில் ஒன்றைப் பெயர்த்துவிட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்று நடலாமா என்றாள். நீங்கள் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினீர்கள்.

“மண்ணுல மட்டும் எதையும் வெக்காதீங்கம்மா. வேர் வுட்டா வூடு போயிரும்.”

பயத்துக்குக் காரணம் இருந்தது. உங்கள் இன்னொரு வீட்டில் குடியிருந்தவர் ஒரு முருங்கைக் குச்சியை ஊன்றியிருந்தார். அது காய்க்கத் தொடங்கிய பிறகு நீங்கள் காலி செய்யச் சொன்னபோது, “மரம் என்னுது. மரம் நிக்கிற எடம் மட்டும் எப்படி உன்னுது ஆவும்?” என்று கேட்டாராம். நீங்கள் வக்கீல் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தீர்கள். அவர் முருங்கைக்காய்க் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடை வைக்க வந்தவர்கள் நாட்டைப் பிடித்த கதையை நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த வருஷம் அது. குச்சி ஊன்றியும் பிடிக்கலாம் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

“தகரத்துல வெச்சா?” என்றாள் கமலா.

வெகுநேரம் யோசித்தீர்கள். “தகரம் தூக்கினா வரும். வெச்சிக்கங்க.”

மண்ணெண்ணெய்த் தகரங்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டோம். ஏரி வண்டலைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்தேன். தக்காளி, மிளகாய், கத்தரி, கூடவே அந்தக் கறிவேப்பிலை. அரிசி கழுவிய தண்ணீரும் பாத்திரம் அலம்பிய தண்ணீரும் அவற்றுக்குப் போயின. வாரச்சந்தைக்கு மறுநாள் காலையில் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவீர்கள். ஒவ்வொரு தகரத்தையும் ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டுப் போவீர்கள். “ஒரே எடத்துல குந்தவெச்சா வேர் எறங்கும் சார். செடியும் சரி, குடித்தனக்காரனும் சரி.”

“அப்படின்னா எங்களையும் ஒரு சாண் நகர்த்தி வெச்சிருங்க ஐயா” என்பாள் கமலா.

“வேளை வந்தா அதையும் செய்வேம்மா” என்பீர்கள், சிரிக்காமல்.

அது வெறும் பேச்சில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். அரூரில் வேறு வீடு கிடைக்கவில்லை.

அந்தக் கோடையில் நீங்கள் காமாலையில் படுத்தீர்கள். பத்தியச் சாப்பாடும் கட்டிலுமாகக் கிடந்தீர்கள். தகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வீட்டுக்காரர் செய்யும் வேலையைக் குடித்தனக்காரன் செய்தால் மரியாதையாக இருக்காது என்று நானும் அவற்றைத் தொடவில்லை. நீங்கள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தபோது கமலாவுக்கு நிறைமாதம். தக்காளியை நகர்த்தினீர்கள். மிளகாயை நகர்த்தினீர்கள். கத்தரியை நகர்த்தினீர்கள். கறிவேப்பிலைத் தகரத்தைப் பிடித்து இழுத்தீர்கள். வரவில்லை. குனிந்து பார்த்தீர்கள். ஓட்டை வழியாக இறங்கிய வேர், இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த சந்தில் புகுந்து மண்ணுக்குள் போயிருந்தது.

கமலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தத் தெருவில் வீடு தேடுவது என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். நீங்கள் வேரைப் பார்த்தீர்கள். அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர்கள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டீர்கள்.

“காமாலை வந்த ஒடம்பு சார். தெம்பு இல்ல.”

அடுத்த வாரங்களில் உடம்பு தேறியது. மண்டியில் புளி மூட்டையைத் தனியாளாகப் புரட்டிப் போட்டதை நானே பார்த்தேன். ஆனால் பின்வாசலுக்கு வந்தால் மற்றத் தகரங்களை நகர்த்திவிட்டு, கறிவேப்பிலை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, “எல்லாம் நகர்த்தியாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எங்கள் மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அந்த வீட்டில்தான் நடக்கப் பழகினாள்.

பென்னாகரத்துக்கு மாற்றல் வந்து வண்டியில் சாமான் ஏற்றிய அன்று, ஆசைக்கு அந்தத் தகரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். “அதை எங்க சார் தூக்கறீங்க? அது எம் வூட்டு மரம்” என்று அதட்டினீர்கள். கமலா சிரித்தாள். நீங்கள் வண்டி மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

இப்போது நானும் வீட்டுக்காரன். மாடியில் ஓர் இளம் குடும்பம் குடியிருக்கிறது. சுவரில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று வந்த அன்றே கண்டிப்பாகச் சொன்னேன். உங்கள் குரலிலேயே சொன்னதாகக் கமலா சொல்கிறாள். கூடத்துச் சுவரில் அவர்கள் பிள்ளை கரித்துண்டால் ஒரு யானை வரைந்திருக்கிறது. என் உயரம் இருக்கும். மாடிக்குப் போக நேரும்போதெல்லாம் நான் மின்விசிறியைப் பார்த்தே பேசிவிட்டு வருகிறேன்.