சும்மாவுக்கு எத்தனை சதுர அடி

பிப்ரவரி 3

கல்லூரிக் கட்டடப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து நான் கட்டியவை: கழிப்பறைகள், சுற்றுச்சுவர், வண்டி நிறுத்துமிடம், மறுபடியும் கழிப்பறைகள். பெரிய கட்டடம் எது வந்தாலும் வெளியிலிருந்து ஆள் வருவார். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. இன்று முதல்வர் கூப்பிட்டு, மாணவர்களுக்கு ஒரு பொதுக்கூடம் வேண்டும், வரைபடமும் மதிப்பீடும் நீங்களே போட்டுவிடுங்கள் என்றார். வெளியாளுக்குக் கொடுக்கப் பணம் இல்லையாம். காரணம் எதுவாக இருந்தால் என்ன, எனக்கு வந்ததே.

வீட்டில் சொன்னேன். மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுல எத்தனை கக்கூஸ்?" என்றாள்.

பேசட்டும். அவசரமில்லாத மனிதர்கள் நுழையும் கட்டடம் ஒன்றை நான் இதுவரை கட்டியதில்லை. இந்த ஒன்றையாவது கட்டிவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன்.

பிப்ரவரி 6

மாணவர் பேரவைச் செயலாளர் வந்தாள். இரண்டாம் வருடத்துப் பெண். கேள்விக்குப் பதில் சொல்லும்போதே நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்பது போல இருக்கும். பென்சிலைச் சீவிக்கொண்டு, கூடத்தில் என்னம்மா வேண்டும் என்று கேட்டேன்.

"சும்மா இருக்கணும் சார்."

"சரி. சும்மா இருக்கறப்ப என்ன செய்வீங்க?"

"சார், லேபுக்குப் போனா சோதனை செய்யணும். நூலகத்துல படிக்கணும். கேன்டீன்ல ஏதாவது வாங்கணும், குடிச்சு முடிச்சதும் துணியோட வந்து மேசையைத் துடைக்க ஆரம்பிச்சுடுவாங்க. படிக்கட்டுல உட்கார்ந்தா காவலாளி எழுப்பி விடறார். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவுல நாங்க எங்க சார் இருக்கறது? பாதிப் பேர் வண்டி நிறுத்தற இடத்துல நிக்கறோம்."

வண்டி நிறுத்துமிடம் நான் கட்டியது. வண்டிகள் சௌகரியமாக நிற்கின்றன. மனிதர்கள் உட்கார ஒரு கல்கூட நான் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 7

சும்மா இருக்க ஒரு ஆளுக்கு எத்தனை சதுர அடி? கட்டட அளவுக் கையேட்டில் படிக்க, சாப்பிட, தூங்க, வரிசையில் நிற்க, எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருக்கிறான். பிணவறைக்குக்கூட இருக்கிறது. சும்மாவுக்கு இல்லை.

பிப்ரவரி 9

விடுமுறை. நானே அளந்து பார்த்துவிடலாம் என்று வீட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"என்ன செய்றீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா இருக்கேன்."

"அப்ப அந்தத் துணியெல்லாம் மடிச்சு வைங்க."

மடித்தேன். செயலாளர் சொல்வது நியாயம்தான். எங்கேயும் விடமாட்டார்கள்.

பிப்ரவரி 17

முதல் கூட்டம். முதல்வர், நிதி அலுவலர், முன்னாள் மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், நான். நிதி அலுவலருக்குக் கல்லூரி முழுக்க ஒரே பெயர், கத்தரி. எந்த மதிப்பீடு போனாலும் ஒரு முழமாவது வெட்டாமல் திருப்பி அனுப்பியதில்லை.

என் வரைபடத்தை விரித்தேன். ஒரே கூடம், நாலு பக்கமும் ஜன்னல், ஜன்னலடியில் உட்காரும் இடம். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று நம் ஆட்கள் சொன்னால் அடுத்து ஒரு 'ஆனா' வரும்.

முதல்வருக்கு ஒரு மூலையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்க அறை வேண்டும். சங்கத் தலைவருக்குச் சங்க அலுவலகம் வேண்டும். அவர்கள் பாதிப் பணம் தருகிறார்கள், வாய் திறக்க முடியாது. ஒத்திகை அறை ஒன்று இருந்தால் ஆண்டு விழாவுக்கு உதவும் என்றார் முதல்வரே மறுபடியும். கடைசியாகக் கத்தரி சொன்னார்: "இவ்வளவு பேர் வந்து போற இடத்துல கழிப்பறை இல்லாம எப்படி?"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் அசடு வழிந்தேன்.

பிப்ரவரி 26

நாலு அறைக்கும் கணக்குப் போட்டேன். ஒதுக்கிய தொகை மொத்தமும் அதற்கே சரியாகப் போய்விட்டது. மிச்சம் கூடம் மட்டும்தான். கூடத்துக்குத்தான் காசில்லை.

மார்ச் 4

கத்தரியிடம் தனியாகப் போய்க் கேட்டேன், கூடுதலாக ஏதாவது பார்க்க முடியுமா என்று. அவர் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டத்தை விரலால் தட்டினார். பயன்பாடு என்ற கட்டம்.

"இதுல என்ன எழுதப் போறீங்க?"

"மாணவர்கள் உட்கார..."

"உட்கார்ந்து?"

படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"பெஞ்சு அறைக்கு பெஞ்சு இருக்கு. கழிப்பறைக்குச் சொல்லவே வேணாம். உங்க கூடத்துக்கு என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க. பயன்பாடு இல்லாத அறைக்கு நான் பணம் கொடுத்தா நாளைக்குத் தணிக்கைக்காரன் என் கழுத்தைப் பிடிப்பான்."

கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தால் நானே எதற்குப் பயன்படுகிறேன் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

மார்ச் 9

காய்ச்சல். படிவத்தைப் பென்சிலில் நிரப்பித் தட்டச்சருக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். கூடத்துக்கு நேராகப் பயன்பாட்டில் 'சும்மா' என்று எழுதி வைத்திருக்கிறேன், பிறகு கௌரவமாக ஏதாவது மாற்றிக்கொள்ளலாம். தொகையைக் காலியாக விட்டிருக்கிறேன். எழுத என்ன இருக்கிறது?

மார்ச் 11

ஐயோ.

தட்டச்சர் ஒரு எழுத்து மாற்றாமல் அடித்து, காலியாக இருந்த இடத்தில் அழகாக ஒரு கோடு போட்டு, எனக்குக் காட்டாமலே மேலே அனுப்பிவிட்டார். நான் காய்ச்சல் விட்டு ஓடி வருவதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. கத்தரி எழுந்து நின்று வாசிக்கிறார். கூடம். சும்மா. தொகை, கோடு.

கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷத்துல பணம் கேட்காத ஒரு இனத்தை முதல் தடவையா பார்க்கறேன். நாலு அறைக்கான காசுலயே கூடத்தைச் சும்மா கட்டித் தரேன்னு போட்டிருக்கார். பொறியாளர்னா இப்படி இருக்கணும்."

கைதட்டினார்கள். முதல்வர் என் தோளில் தட்டினார். வாயைத் திறந்து, சார் அந்தச் சும்மா வேற சும்மா என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? கத்தரியிடமிருந்து பாராட்டு வாங்கிய முதல் ஆள் நான். அந்த ஒரு நிமிடம் நன்றாகக்கூட இருந்தது. அதற்குள் நிறைவேற்றிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் செயலாளர், "சார், நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. நான் காய்ச்சல் என்று சொல்லி நழுவினேன்.

மார்ச் 12

மனைவியிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா கூடத்தை எடுத்துடுவாங்க."

"சொல்லலன்னா?"

"கட்டணும்."

"எதை வெச்சு?"

அதான் தெரியலையே. தெரிஞ்சா ராத்திரி தூங்கியிருக்க மாட்டேனா?

மார்ச் 15

ஒன்றும் ஓடவில்லை. கூடம் வருகிறது என்று செயலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியே விட்டாள். மாணவர்கள் வழியில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். இதுவரை யாரும் சொன்னதில்லை. சந்து வழியாகப் போய்வருகிறேன்.

மார்ச் 19

இன்று இயற்பியல் துறைத் தலைவர் வேதியியல் ஆய்வகத்துக்குள் புகுந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கக் கதவு வழியாகத் தன் அறைக்குப் போவதைப் பார்த்தேன். தினமும் அப்படித்தான் போகிறார். அந்தக் கட்டடம் கட்டும்போது அறைகளுக்கு முன்னால் போகும் நடையைக் கத்தரி வெட்டிவிட்டார். கட்டி முடித்த பிறகுதான் துறைத் தலைவர் அறைக்கு வழியே இல்லை என்று தெரிந்தது. அவர் இன்றுவரை கத்தரியோடு பேசுவதில்லை. அன்றிலிருந்து கத்தரி எதை வெட்டினாலும் நடையில் மட்டும் கை வைப்பதில்லை.

நடை! ஒவ்வொரு அறையின் செலவிலும் அதன் முன்னால் போகும் நடையின் செலவும் சேர்ந்தே இருக்கிறது. நடைக்குப் பயன்பாடு எழுதத் தேவையில்லை, நடப்பதுதான். என்னிடம் நாலு அறைகள். நாலு நடைகள். அந்த நாலையும் நீளமாக இழுக்காமல் ஒரே இடத்தில் போட்டால்?

மேசையைத் தட்டிவிட்டேன் போல. தட்டச்சர் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 20

பெஞ்சு அறை ஒரு பக்கம், சங்க அலுவலகம் எதிர்ப்பக்கம், ஒத்திகை அறையும் கழிப்பறையும் மற்ற இரண்டு பக்கம். எல்லாம் உள்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் நடை. சுவர் அந்த அறைகளுடையது, தரையும் கூரையும் நடையினுடையது. மூலைகளில் சுவர் தேவையில்லை, அங்கே ஜன்னல். ஜன்னலை முட்டி உயரத்துக்கு இறக்கி அடிப்பாகத்தை அகலமாக்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டேன். ஒதுக்கியதற்குள் நிற்கிறது.

மனைவியிடம் காட்டினேன். "நடு வீட்டுல கூடம் மாதிரி இருக்கு" என்றாள். இல்லை, இது நடை என்றேன். எல்லாரிடமும் அப்படியே சொல்லிப் பழக வேண்டும்.

மார்ச் 27

கத்தரி அறை. வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இந்த நடை ஏன் இவ்வளவு அகலம்? யானையா நடக்கப் போகுது?"

"பசங்க கூட்டமா நடப்பாங்க சார்."

"ஜன்னல் ஏன் முட்டி உயரத்துல இருக்கு?"

"காத்துக்கு சார்."

"கூடம் எங்க?"

எத்தனை பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உண்மைதான் வந்தது. "இதுதான் சார் கூடம். அன்னைக்கு நான் எழுதின சும்மா, காசில்லாத சும்மா இல்ல. சும்மா உட்கார்றது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா எடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் முகத்தில் அன்றைய கைதட்டல் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தேன். நிர்வாகக் குழுத் தலைவரே அவரைக் கூப்பிட்டுப் பாராட்டியிருந்தாராம், சும்மா ஒரு கூடம் வாங்கியதற்கு. இனி அவர் போய் அதைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல."

"இல்ல சார்."

"நானும் எதுவும் கேட்கல. ஆனா கணக்கு ஒரு பைசா தாண்டக்கூடாது. தாண்டினா அந்த நடையிலயே உங்களை நடக்க விடுவேன்."

"சரி சார்."

"நடையில நான் கை வைக்கறதில்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 18

அடித்தளத்துக்குக் கயிறு கட்டினோம். மேஸ்திரி கேட்டார், "இவ்வளவு பெரிய நடையா? யாராவது தப்பா வரைஞ்சிருப்பாங்க சார்." நான்தான் வரைந்தேன் என்றேன்.

செப்டம்பர் 5

திறப்பு. எல்லாருடைய பேச்சும் பெஞ்சு அறையைப் பற்றியும் சங்க அலுவலகத்தைப் பற்றியும்தான். நடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரி மேடையில் என் பக்கம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 12

யாரும் வரவில்லை. ஒரு வாரமாக ஈ காக்கா இல்லை. பெஞ்சை வைக்க இரண்டு பேர் வந்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். கழிப்பறைக்கு வருகிறார்கள், ஓடுகிறார்கள். கடைசியில் நான் கட்டியது இன்னொரு கழிப்பறைதானா? வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அதுவே ஒரு மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 15

செயலாளரைப் பிடித்துக் கேட்டேன், ஏம்மா ஒருத்தரும் வரலை என்று.

"யாராவது எழுப்பி விடுவாங்களோன்னு பயப்படறாங்க சார். பழகலை."

நான் என்ன செய்ய முடியும்? போய் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்தேன். மதியம் முழுக்க. என்னையும் யாரும் எழுப்பவில்லை.

அக்டோபர் 10

மழை. விட்டுவிட்டுப் பெய்தது. அந்தப் பக்கம் போக நேரமில்லை, நூலகத்தில் ஒழுகல்.

அக்டோபர் 21

முதல்வர் அலுவலகத்திலிருந்து ஒரு புகார்க் கடிதம். கட்டடப் பிரிவுக்குப் புகார் வருவது புதிதல்ல. அடைப்பு, ஒழுகல், நாற்றம். பழைய புகார்க் கட்டோடு சேர்க்கப் போனவன், படித்துவிட்டு அப்படியே நின்றேன்.

புதிய கட்டடத்தின் நடையில் எந்நேரமும் மாணவர்கள் உட்கார்ந்தும் சாய்ந்தும் இருப்பதால், பெஞ்சு அறைக்கும் சங்க அலுவலகத்துக்கும் செல்வோர் கடந்து போக முடியவில்லை. உள்ளே போகிறவர்கள் வெளியே வருவதில்லை. நடை நடையாகப் பயன்படவில்லை. கட்டடப் பிரிவு உடனடியாகப் பார்வையிட்டுக் குறையைச் சரிசெய்ய வேண்டும்.

பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். மிஷின்மேல் துணியைப் போட்டு மூடினாள்.

"செருப்பைப் போடுங்க. போய்ப் பார்த்துட்டு வரலாம்."

என் கட்டடம் எதையும் பார்க்க அவளை நான் கூப்பிட்டதே இல்லை. எப்படிக் கூப்பிடுவது?

விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலடி, தரை, சுவரோரம் எங்கும் பிள்ளைகள். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். எல்லாம் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த முகங்கள், நான் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து, "உட்காருங்க ஆன்ட்டி" என்றாள். மனைவி உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். எழுந்திருக்கும் உத்தேசம் தெரியவில்லை.

எனக்கு இடம் கிடைக்கவில்லை.